கலெக்டர் இன்னும் சாப்பிடவில்லை

தராசு இருபத்திரண்டு கிராம் என்றது. சுடர்க்கொடி பிளாஸ்டிக் கிண்ணத்தைத் தூக்கி மறுபடி வைத்தாள், மறுபடியும் இருபத்திரண்டுதான், நேற்று இருபத்துமூன்று, ஒரு கிராம் என்ன பெரிய கிராம், ஒரு கிராம் என்பது மெஸ் சாம்பாரில் மிதக்கிற கறிவேப்பிலை, மேசை ஆடினாலே கூடிக் குறைகிற சமாச்சாரம் என்று எவரோடு வேண்டுமானாலும் அரைமணி நேரம் மல்லுக்கு நின்று ஜெயித்துவிடலாம், ஆனால் ஹாஸ்டல் அறையில் மல்லுக்கு நிற்க ஆள் இல்லை, கிண்ணத்துக்குள் இருந்த பல்லிதான் அவளைப் பார்த்தது, பார்த்ததா என்பதும் நிச்சயமில்லை, கண் திறந்திருந்தது, அவ்வளவுதான். சுவரில் ஓடுகிற பல்லி இல்லை இது. சிறுத்தைப் பல்லி, மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி, ஆசைக்கு வளர்ப்பவர்களுக்காகக் கடையில் விற்பது, சுவர்ப்பல்லிக்கு இல்லாத இமை இதற்கு உண்டு, அதை மெதுவாக மூடித் திறக்கும்போது மீட்டிங்கில் தூக்கம் சொக்குகிற பெரிய அதிகாரி மாதிரியே இருக்கும் என்று சவரிமுத்து அண்ணன் சொல்லித்தான் தெரியும். விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளர் அவர். வெளிநாடு போன மாணவன் ஒருவன் விட்டுவிட்டுப் போன பல்லியை நான்கு வருஷமாக வைத்துப் பார்த்தவர், கலெக்டர் என்று பெயர் வைத்தவரும் அவரே, சாயங்காலம் ஆனால்தான் வெளியே வரும், கண்ணாடித் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்வையிடும், யாரோடும் பேசாது, உள்ளே போய்விடும். இப்போது கலெக்டருக்கு விலா எலும்பை எண்ணலாம். இந்த இனத்துக்குக் கொழுப்பு வாலில்தான் சேருமாம், நல்ல நிலையில் வால் கட்டைவிரல் பருமன் இருக்குமாம், இது பென்சில், சீவிச் சீவிக் கையில் பிடிபடாமல் போன பென்சில். ஐம்பத்தைந்து கிராம் இருந்த உடம்பு. முப்பத்துநான்கு நாள் அறிவியல் கட்டடம் பூட்டிக் கிடந்தது, உள்ளே தொட்டியில் தண்ணீர்க் கிண்ணத்தோடு இது கிடந்தது, பூட்டுப் போட்டது மாணவர் போராட்டக் குழு, பூட்டை வாங்கி வந்தது, வாசல் கேட்டில் மாட்டி அழுத்தியது, சாவியைப் பேனாப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டது, என்று போய்க்கொண்டே இருந்த நினைப்பு அந்த இடத்துக்கு வந்ததும் வழக்கம்போல நின்றது. வேறு எங்காவது போகலாமா என்று பார்த்தது. பேனாப் பெட்டி மேசைமேல்தான் இருந்தது.

அவள் பல்லியை மெதுவாக எடுத்துச் செருப்புப் பெட்டிக்குள் விட்டாள். அடியில் செய்தித்தாள், ஒரு பக்கம் வெந்நீர் பாட்டில், பாட்டிலைச் சுற்றி அவளுடைய பழைய துண்டு. வயிற்றுக்கு அடியில் சூடு இருந்தால்தான் இதற்குத் தின்றது செரிக்கும், ஐப்பசி மழையில் அறை சிலீரென்று கிடந்தது, மணிக்கு ஒரு தடவை மெஸ்ஸுக்குப் போய் வெந்நீர் பிடித்து வர வேண்டியிருந்தது, யாருக்கு என்று கேட்டால் வயிற்று வலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள், வார்டனம்மா ஒன்பது நாள் வயிற்று வலிக்கு டாக்டரைப் பார்க்கக் கூடாதா என்று கேட்டுவிட்டார். டாக்டரைப் பார்த்தாயிற்று, கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரை. ஆடும் மாடும் நிற்கிற வரிசையில் செருப்புப் பெட்டியோடு நின்று பார்த்தாயிற்று. சின்ன வயசு டாக்டர், பல்லியைக் கையில் வாங்கி வாலைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "மூக்கு நுனியில மருந்துத் தண்ணியைச் சொட்டு சொட்டா வைங்க, நக்கும். அதுல உசிரு நிக்கும், உடம்பு தேறாது. தானா ஒரு புழு, ஒண்ணே ஒண்ணு, பிடிச்சுத் தின்னாப் போதும், பிறகு பிழைச்சுக்கும். ஞாயித்துக்கிழமைக்குள்ள தின்னலைன்னா திங்கக்கிழமை கொண்டு வாங்க, குழாய் விட்டுப் பாக்கலாம். இந்த உடம்பு அதைத் தாங்கும்னு நான் சொல்ல மாட்டேன்." பிறகு, "எத்தனை நாளாப் பட்டினி? யார் வச்சிருந்தது?" என்று கேட்டார். பூட்டிய கட்டடத்துக்குள் மாட்டிக்கொண்டது என்றாள். மாட்டிக்கொண்டது. அதுவாகப் போய் மாட்டிக்கொண்ட மாதிரி. எம்.ஏ. சமூகவியல் இரண்டாம் ஆண்டு, வினைச்சொல்லில் ஆளை ஒளித்துவைக்கிற அதிகார மொழியைப் பற்றி இருபது பக்கம் கட்டுரை எழுதி வகுப்பில் கைதட்டு வாங்கியவள். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மணி மூன்றே கால்.

இடுக்கியில் ஒரு புழுவைப் பிடித்துச் சுண்ணாம்புச் சத்து மாவில் புரட்டிப் பல்லியின் முகத்துக்கு இரண்டு விரற்கடை தள்ளி நீட்டினாள். புழு நெளிந்தது. பல்லி பார்க்கவில்லை. முழங்கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றிக்கொண்டு ஆடாமல் இருக்க வேண்டும், நெளிவது புழுவாக இருக்க வேண்டுமே தவிரக் கையாக இருக்கக் கூடாது, கை ஆடினால் பயந்துவிடும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். கதவு படீரென்று திறந்தது, பெனினா, அறைத்தோழி, நாகர்கோவில்காரி, கையில் தட்டு. "எட்டி சுடரு, சாப்பிட வரமாட்டியா? முட்டைக் குழம்பு கெடக்கு. நீ வாங்கிக் குடுத்த முட்டைதான்." "வச்சிட்டுப் போ." "எங்க வைக்க? மேசையில தராசு, நாற்காலியில புழு. எனக்க கட்டில்ல என்னத்தையாவது வச்சியோ, கேட்டியா, நான் வார்டன்ட்ட நேரா போயிருவேன்." "புழு டப்பாவைவிட்டு வராதுடி. வழுக்கும், ஏறாது." "நீ சொன்னா புழு கேக்குமா? அது என்ன யுனிவர்சிட்டி செனட்டா?" பெனினா குனிந்து பெட்டிக்குள் பார்த்தாள். அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "நேத்தைக்கு இருந்த எடத்துலதான் இருக்கு, என்ன?" "ம்." "தின்னுரும். நீ முறைச்சிப் பாத்துட்டே இருந்தா ஆருக்குத்தான் சோறு எறங்கும்?" தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள். முட்டைக் குழம்பின் வாசம் அறையில் ஏறியது. வாரத்துக்கு இரண்டு முட்டை, எட்டாவது கோரிக்கை. சாம்பாரில் கரப்பான்பூச்சி கிடந்த படத்தோடு தொடங்கிய போராட்டம், பதினொரு கோரிக்கை, ஒன்பது ஜெயித்தது, அதில் இதுவும் ஒன்று. இடது கையால் முட்டையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். வெந்த எதுவோ ஒன்று. மென்றாள். இறங்கிவிட்டது. ஒன்பது நாளாக இப்படித்தான், வருத்தம் என்று சொல்ல முடியாது, வருத்தம் இருந்தால் அழுகையாவது வரும், இது பல் பிடுங்கியபிறகு ஒரு பக்கத்துக் கன்னம் இருக்குமே, கிள்ளினால் யாரையோ கிள்ளுகிற மாதிரி, அது உடம்பு பூராவும். புழு களைத்துப்போய் நெளிவதை நிறுத்திவிட்டது. வேறு புழு எடுத்தாள்.

பசி என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும், தெரியும் என்று நினைத்திருந்தாள், ஐந்து நாள் உண்ணாவிரதம் இருந்தவள், நிர்வாகக் கட்டடத்துக்கு எதிரே துணிப்பந்தலில் படுத்திருந்தவள், இரண்டாம் நாள் தலைவலி, மூன்றாம் நாள் வாயில் ஒரு செம்புக்காசு ருசி, நான்காம் நாள் பசியே போய்விட்டது, உடம்பு பஞ்சு மாதிரி லேசாகி என்ன பேசினாலும் சரியாகத்தான் பேசுகிறோம் என்று ஒரு தெளிவு வந்தது, அந்தத் தெளிவுதான் இப்போது பயமாக இருந்தது. ஐந்து நாளும் பக்கத்தில் உப்புத் தண்ணீர், காலையும் மாலையும் கைநாடி பார்க்க நர்ஸ், தலைமாட்டில் அட்டையில் எழுதிவைத்த பெயரும் நாள் எண்ணிக்கையும், ஊரிலிருந்து அப்பா ஓடி வந்து, கட்சிக்காரர்தான் என்றாலும் மகள் என்றதும் அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் துணைவேந்தரே வந்து பழச்சாறு கொடுத்தார், பேச்சுவார்த்தைக்குக் குழு போட்டார், படம் பத்திரிகையில் வந்தது. அந்தப் படத்தைப் பெனினாதான் வெட்டிச் சுவரில் ஒட்டினாள், இப்போதும் நிமிர்ந்தால் தெரிகிறது, டம்ளரைப் பிடித்த அவள் கை, துணைவேந்தரின் கைக்கடிகாரம், பின்னால் கூட்டம், ஓரத்தில் முகம் வெட்டுப்பட்டுப் போன யாரோ ஒருவரின் சட்டையும் ஒரு மஞ்சப்பையும். இரண்டு வாரத்துக்கு மேல் அந்தப் படத்துக்கு அடியில் தூங்கி எழுந்தவளுக்கு அந்தப் பை கண்ணில் பட்டது எட்டு நாளைக்கு முன்புதான். பழச்சாறு குடித்த அன்றைக்கு இதற்குப் பட்டினி பதினெட்டாவது நாள். குழு பேசி முடிக்க இன்னும் பதினாறு நாள் ஆயிற்று, அதுவரை பூட்டு பூட்டாகவே இருந்தது. அட்டையில் எழுதி வைக்க இதற்கு ஆள் இல்லை. சரி, அதற்காக? போராட்டம் தப்பா? ஆயிரத்து இருநூறு பிள்ளைகள் புழுத்த அரிசியைத் தின்றுகொண்டு சும்மா இருந்திருக்க வேண்டுமா? பூட்டில்லாமல் எந்த நிர்வாகம் இறங்கி வந்திருக்கிறது? ஒரு பல்லிக்காக என்று யாராவது சொல்லட்டும், சொல்லிப் பார்க்கட்டும், அவளிடம் மூன்று பதில் தயாராக இருந்தது, ஒன்றாவது இப்படி, இரண்டாவது அப்படி, மூன்றாவதைக் கேட்டால் எதிராளி எழுந்து போய்விடுவான், ஒன்பது நாளாக அந்த மூன்றையும் மெருகேற்றி வைத்திருக்கிறாள், கேட்கத்தான் ஒருத்தரும் வரவில்லை.

யாரும் கேட்கவில்லை என்பதுதான். கேட்டிருக்க வேண்டியவர் கேட்கவில்லை. கட்டடம் திறந்த அன்று மத்தியானம் வாட்ச்மேன் வந்து "உங்களைப் பாக்க ஆள் வந்திருக்கு" என்றபோது போராட்டத்துக்கு வாழ்த்துச் சொல்ல யாரோ என்று துப்பட்டாவைச் சரிபண்ணிக்கொண்டு போனாள். சவரிமுத்து அண்ணன் நின்றார், கையில் செருப்புப் பெட்டி. துறைத்தலைவர், விசாரணைக் கமிட்டி வருகிறது, அந்தச் சனியனைத் தூக்கி வெளியே போடு என்று சொல்லிவிட்டாராம். "நீங்க பாத்துக்கிடுங்க பாப்பா" என்றார். மூடியைத் திறந்து காட்டினார். புழு எந்தக் கடையில் கிடைக்கும், மாவு எப்படிப் புரட்டுவது, எந்தப் பக்கம் சூடு வைப்பது, எல்லாம் சொன்னார், புது வேலைக்காரிக்குச் சொல்வதுபோலப் பொறுமையாக. கேட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றிலிருந்து தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போன் செய்கிறார், "சாப்ட்டுச்சா?" என்பார், இல்லை என்பாள், "சாப்டும், நாளைக்குப் பாப்போம்" என்பார், வைத்துவிடுவார். ஏன் அவளிடம் கொண்டுவந்தார்? பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கிற பிள்ளைகள் அறுபது பேர் இருக்கும்போது, ஏன் குறிபார்த்து அவளிடம்? தண்டனை. வேறென்ன. வாயே திறக்காமல், குரலே உயர்த்தாமல், செய்ததை நீயே மடியில் வைத்துப் பார் என்று கொடுத்த தண்டனை, அப்படி என்றால் அது எவ்வளவு பெரிய மூளை, அவள் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லாத தண்டனை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், ஒத்துக்கொண்டால் அதிலும் ஒரு நிம்மதி இருந்தது, எதிரே ஒரு ஆள் இருக்கிற நிம்மதி.

மணி ஐந்து. பாட்டில் ஆறிவிட்டது. போய் வெந்நீர் பிடித்து வந்தாள், துண்டைச் சுற்றினாள், மழை வலுத்து வராந்தாவில் யாரோ துணிக்காகக் கத்திக்கொண்டு ஓடினார்கள். பல்லி அதே இடத்தில். மூச்சு விடுகிறதா? குனிந்து பார்த்தாள், தொண்டைக்கடியில் தோல் ஏறி இறங்கியது, ஏறி, கொஞ்சம் நின்று, இறங்கியது. எத்தனையாவது புழு என்று தெரியவில்லை. இடுக்கியை நீட்டினாள். விரல்நுனியில் உணர்ச்சி இல்லை, இடுக்கி தானாக நிற்பதுபோல் நின்றது. உள்ளே அது என்ன செய்திருக்கும்? சாயங்காலம் ஆனதும் வெளியே வந்திருக்கும். தொட்டியை ஒரு சுற்று வந்திருக்கும். அவர் வருகிற கதவுப் பக்கம் நின்றிருக்கும், இமையை மூடித் திறந்து, நேரமாயிற்றே என்று, பிறகு உள்ளே போயிருக்கும், மறுநாள் மறுபடி. வெளியே கூட்டத்தின் சத்தம் அதற்குக் கேட்டிருக்குமா? இரண்டாம் நாள் காலை கேட்டில் எழுந்த அந்தச் சிரிப்பு, அறுபது பேர் சிரித்தால் இரண்டாம் மாடி வரைக்கும் கேட்கும், கேட்டிருக்கும். நின்றுவிட்டது, இங்கேதான் நிற்கும், ஒன்பது நாளாக இந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்து வந்து திரும்பிப்போன நினைப்பு, இன்றைக்குத் திரும்பத் தெம்பில்லாததுபோல அப்படியே உள்ளே நடந்தது. இரண்டாம் நாள் காலை. கேட்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு அவள். சவரிமுத்து அண்ணன் சைக்கிளை நிறுத்திவிட்டு மஞ்சப்பையோடு வந்தார். "பாப்பா, உள்ள ஒரு உசுரு கெடக்கு. பத்து நிமிசம், போட்டுட்டு ஓடியாந்துருதேன்." பெயர் தெரியாது அப்போது, காக்கிச் சட்டை மட்டும் தெரிந்தது, நிர்வாகத்தின் ஆள். "பையில என்னண்ணே?" "கரப்பாம்பூச்சி பாப்பா." அவளுக்கு வாயில் வந்துவிட்டது, யோசிக்கவே இல்லை, நல்ல வார்த்தைகள் அப்படித்தான் வரும், எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள், "மெஸ்ஸுக்காண்ணே? அங்கதான் ஏற்கெனவே வேணுங்கிற அளவுக்கு இருக்கே!" அறுபது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கைதட்டு. யாரோ விசிலடித்தார்கள். அன்று மத்தியானத்துக்குள் அந்த வார்த்தை பேனரிலேயே ஏறிவிட்டது. சிரிப்பு அடங்கியதும் அவருக்குப் புரியவும் வைத்தாள், பொறுமையாக, "ஒருத்தருக்குத் திறந்தா எல்லாருக்கும் திறக்கணும்ணே. இன்னைக்குப் பல்லிக்குச் சோறுன்னு நீங்க, நாளைக்குக் கம்ப்யூட்டர் கெட்டுப்போகும்னு ஒருத்தர், அதுக்கப்புறம் பூட்டுக்கு என்ன அர்த்தம்?" அவர் கேட்டுக்கொண்டு நின்றார், கடைசியில் "சரிதான் பாப்பா" என்றார். சரிதான். ஒத்துக்கொண்டார். பைக்குள் என்னவோ பிறாண்டிக்கொண்டிருந்தது. மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும், கேட்டுக்கு வரவில்லை, எதிரே வாகைமரத்தடியில் பையோடு நின்றுவிட்டுப் போனார், பார்த்தாள், பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பல்லி என்ற வார்த்தை அவள் வாயிலிருந்தே வந்திருக்கிறது. அப்படியென்றால் அவர் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் தெரியும். தெரியாது என்றுதான் மூன்று பதிலுமே தொடங்கும்.

போன் அடித்தது. இடுக்கியைக் கீழே வைக்கவில்லை, இடது கையால் எடுத்து ஸ்பீக்கரில் போட்டுத் துண்டின்மேல் வைத்தாள். அறை இருட்டிக்கொண்டு வந்தது, விளக்குப் போடவில்லை, வெளிச்சம் குறைவாக இருந்தால்தான் அதற்குப் பிடிக்கும். "சாப்ட்டுச்சா பாப்பா?" "இல்லண்ணே." "எடை?" "இருபத்திரெண்டு." அவர் பக்கம் மழைச் சத்தம், ஊடே ஒரு பூனை. பூனை நன்றாகக் கத்தியது, பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்று அதட்டிக் கேட்கிற கத்தல். "நாளைக்குப் பாப்போம்" என்றார், குரல் முன்னைப்போல் இல்லை. வைத்துவிடுவார். "அண்ணே, ஒண்ணு கேக்கணும். ஏன் என்கிட்டக் குடுத்தீங்க?" "எத?" "கலெக்டர. உங்க வீட்டுக்குக் கொண்டு போயிருக்கலாம்ல." "வீட்டுல பூனை கெடக்குலா பாப்பா. ரெண்டு. ஒரு நிமிசத்துல சோலிய முடிச்சிரும்." "அதுக்கில்ல. எத்தனையோ பேர் இருக்காங்க, ஏன் எனக்கு?" "ஹாஸ்டல் வாசல்ல வந்து வேற ஆரையும் எனக்குப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரியாதே. உங்க பேருதான் அட்டையில எழுதிப் போட்டிருந்தாவ." பூனைகளை விரட்டினார், "சூ, போ அங்கிட்டு." அவ்வளவுதான். தண்டனை இல்லை, பாடம் இல்லை, பூனை. அவள் ஒன்பது நாளாகக் கட்டி எழுப்பிய எதிராளி ஒரு நிமிஷத்தில் எழுந்து போய்விட்டார், நாற்காலி காலியாகக் கிடந்தது, அதில் உட்கார இனி ஆள் வரப்போவதில்லை. வாய் பேச ஆரம்பித்தது, அவளைக் கேட்காமலே. "அண்ணே, அன்னைக்குக் கேட்டுல." "என்னைக்கு?" "நீங்க பையோட வந்தீங்கள்ல. கரப்பான்பூச்சின்னு சொன்னீங்க. நான் ஒண்ணு சொன்னேன்." "ஆமா" என்றார். "எல்லாரும் சிரிச்சாவ." "ஆமாண்ணே." "நானுஞ் சிரிச்சேன்லா" என்றார் சவரிமுத்து அண்ணன், யோசித்து யோசித்துச் சொல்கிறவர்போல, "வீட்டுக்குப் போயிட்டுதான், இதுக்கு ஏன்டா சிரிச்சோம்னு இருந்துச்சு."

மெருகேற்றி வைத்த மூன்று பதிலும் இதற்கு ஆகாது. மன்னித்துவிடுங்கள் என்று சொல்லலாம், அது இடுக்கியின் முனையில் இருக்கிற புழு மாதிரி நெளிந்தது, சொன்னால் அவர் சரிதான் பாப்பா என்றுதான் சொல்லுவார், அந்தச் சரிதானை இன்னொரு தடவை வாங்க அவளால் முடியாது. அப்போதுதான் வாலைப் பார்த்தாள். பென்சில் வால், நுனி மட்டும், ஒரு நூல் அளவுக்கு இடப்பக்கம் போயிற்று, வலப்பக்கம் வந்தது. தலை திரும்பியது. ஒரு கால் எடுத்து வைத்தது, நடுங்கிற்று, ஊன்றிக்கொண்டது. புழுவைப் பார்த்தது, பார்த்தது என்று இந்தத் தடவை நிச்சயமாகத் தெரிந்தது, வால் நுனி இன்னொரு தடவை ஆடியது. "பாப்பா? லைன்ல இருக்கீங்களா?" பல்லி பாய்ந்தது, குறி தப்பியது, இடுக்கியின் தகரத்தைக் கவ்வி உதறி விட்டுவிட்டது. போயிற்று. இனி வராது. கையை எடுக்கலாமா, எடுத்தால் பயப்படும், எடுக்காவிட்டாலும், அவள் எதுவும் செய்யவில்லை, செய்ய அவளிடம் எதுவும் இல்லை, அப்படியே இருந்தாள், பல்லி இமையை ஒரு தடவை மூடித் திறந்து மறுபடி எட்டிப் புழுவின் நடுவில் பிடித்துக்கொண்டது. இழுத்தது. இருபத்திரண்டு கிராம் இழுக்கிற இழுப்பு, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி. இடுக்கியைத் தளர்த்தினாள். மூன்று மெல்லல், தலையைப் பின்னுக்குச் சாய்த்து ஒரு விழுங்கல், தொண்டை புடைத்து அடங்கியது.

"அண்ணே" என்றாள். "சாப்ட்டுருச்சு." "வாயை நக்குதா?" பார்த்தாள். இளஞ்சிவப்பு நாக்கு, இப்படி ஒரு தடவை, அப்படி ஒரு தடவை. "நக்குது." "அப்பச் சரி. இன்னொண்ணு குடுக்காதீங்க, ஆசையா இருக்கும், குடுக்காதீங்க. வயிறு தாங்காது. சூடு மட்டும் ஆறாமப் பாத்துக்கிடுங்க." "சரிண்ணே." "நாளைக்கு நான் நேர்ல வாரேன். வாட்ச்மேன்ட்டச் சொல்லி வைங்க, கேட்டுல நிப்பாட்டிருவான்." வைத்துவிட்டார்.

கேட்டுல நிப்பாட்டிருவான். குத்தலா என்று அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒன்றுமில்லை, வாட்ச்மேன் உண்மையிலேயே நிறுத்துவான், அதைத்தான் சொன்னார். இடுக்கியைக் கீழே வைக்கப் போனாள், விரல் பிரியவில்லை, இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. தோள் வரைக்கும் மரத்துப்போன கை மடியில் கிடந்தது, யாருடையதோ மாதிரி. கொஞ்ச நேரத்தில் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு ஊசி குத்தியது, பிறகு இரண்டு, பிறகு கை பூராவும் எறும்பு ஏறியதுபோல் குத்த ஆரம்பித்தது, உதறினால் போய்விடும். அவள் உதறவில்லை. பாட்டிலைத் தொட்டுப் பார்த்தாள், ஆறிக்கொண்டிருந்தது, வெந்நீர் பிடித்து வரக் குத்துகிற கையோடு எழுந்தாள்.